மச்சினன் கயிறு

பிப்ரவரி 14, புதன். சாம்பல் புதன்

குருமடத்தில் தினமும் ஆன்மச் சோதனை எழுதச் சொல்வார்கள். நோட்டின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் செய்த பாவம், வலது பக்கம் செய்யத் தவறிய கடமை. நான்கு வருடம் எழுதினேன். குருமடம் என்னை விட்டது, பழக்கம் விடவில்லை. கோடு மட்டும் இப்போது போடுவதில்லை.

நவம்பரில் என் கூடப்பிறந்த அண்ணன் கித்தேரியான் சங்கு குளிக்கப் போய்க் கடலடியில் செத்துப்போனான். அடக்கத்துக்கு வந்தவன் நான், குருமடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. மூன்று மாதமாக சலேத்து அக்கா வீட்டில் உட்கார்ந்து தின்கிறேன். அவள் ஒரு சொல் சொன்னதில்லை. இன்று காலை சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து வரும்போது சொன்னாள்.

“ஏல ரெமி, உங்க மச்சானுக்குக் கயிறு பிடிக்க சரியான ஆள் இல்ல. நாளையில இருந்து நீ போ.”

“கடலப் பத்தி எனக்கு என்னக்கா தெரியும்?”

“என்ன தெரியணும்? நீ எனக்குத் தம்பி. அது போதாதா?”

எங்கள் கரையில் அது போதும். சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். சொந்த அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டார்கள். மச்சினன் என்றால் தன் சகோதரியின் தாலியை நினைத்தாவது கயிற்றைக் கைவிடமாட்டான் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. அப்படித்தான் பஸ்தியான் மச்சான் இறங்கும்போது அண்ணன் கயிறு பிடித்தான். அண்ணன் இறங்கும்போது மச்சான் பிடித்தார். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் கயிற்றில் யாருடைய தாலியும் இல்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். அக்கா முகம் தெளிந்தது. நான் ஏன் சரி என்றேன் என்பதை இன்று எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். பேனா பிடிக்கவே வலிக்கிறது.

வள்ளத்தில் நாங்கள் மூன்று பேர். மச்சான் வாயில் டியூபைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார். நான் கயிறு. தேவசகாயம் அண்ணன், கீழே காற்று அனுப்பும் கம்ப்ரசர் எஞ்சினுக்குக் காவல். அவர்தான் எனக்கு வாத்தியார்.

“நல்லாக் கேளும் சாமியாரே. கயிறு ஒருக்கா ஆடினா, நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு ஆடினா, தூக்கு. மூணு ஆடினா, கயிறு பத்தல, தளத்தி விடு. வேற ஒரு மண்ணும் படிக்க வேண்டாம்.”

வேறொன்றும் இருந்தது. பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடிக்கு மேல், ஆழத்தில் கிடந்தவனை ஒரே மூச்சில் மேலே இழுக்கக்கூடாது. நாலு பாகம் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடித்து, அதன் பிறகே மிச்சத்தை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆளுக்கு வாதம் வந்து கை கால் விழுந்துவிடுமாம். “எஞ்சின் நின்னு போனா?” என்று கேட்டேன். கம்ப்ரசர் தொட்டியில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும், உடனே இழுக்க ஆரம்பித்தால் அந்தப் பத்து மணிக்கும் சேர்த்துப் போதும் என்றார்.

கரைக்கு வந்ததும் மச்சான் என் கைகளைப் பிடித்துப் பார்த்தார். வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து அவரே தடவிவிட்டார். நான் கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். இழுக்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

அண்ணனின் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு தேவசகாயம் அண்ணன் என்னைக் கல்லறைச் சுவர் ஓரம் கூப்பிட்டார். “தம்பி, இத யாருகிட்டயும் சொல்லல. உங்க அண்ணன் செத்த அன்னைக்குக் கயிறு ஆடிச்சு. எங் கண்ணால பாத்தேன். உங்க மச்சான் இழுக்கல. விட்டாரு. கயித்த உள்ள விட்டாரு.”

எத்தனை தடவை ஆடியது என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே அப்போது எனக்குத் தெரியாது.

ஆனால் வேறொன்று தெரியும். ஆகஸ்டு மாதா திருவிழாவில் மச்சான் குடித்துவிட்டு வந்து அக்காவைக் கை நீட்டி அடித்தார். அண்ணன் சப்பரத்துக்கு முன்னால், ஊரே பார்க்க, அவரைக் கன்னத்தில் அறைந்தான். அதோடு கோபித்துக்கொண்டு வடக்கே கீழக்கரைப் பக்கம் போய்விட்டான். நவம்பரில் திரும்பினான். ஒரு வாரத்தில் செத்தான்.

ஆகவே கயிறு பிடிக்கச் சம்மதித்தேன். போலீசுக்குப் போனால் தேவசகாயம் அண்ணன் சாட்சிக்கு வரமாட்டார், வேறு ஆளும் கிடையாது. அரிவாள் எடுக்க எனக்குக் கை வராது. கயிறு அப்படியில்லை. கயிற்றில் நான் ஒன்றுமே செய்யவேண்டியதில்லை. அவர் அண்ணனுக்குச் செய்ததைப்போலவே, ஒரு நாள், கயிறு ஆடும்போது சும்மா இருந்தால் போதும்.

எழுதிப் பார்த்தால் கோரமாக இருக்கிறது. இருக்கட்டும். அவன் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன்.

பிப்ரவரி 23, வெள்ளி

இன்று கயிறு இரண்டு தடவை ஆடியது. நினைப்பதற்குள் கை இழுத்துவிட்டது. எட்டு பாகம் இழுத்து, நிறுத்தி, பத்து மணியும் பிசகாமல் சொல்லி, ஆளை முழுசாக மேலே கொண்டுவந்து சேர்த்தேன். “கை பழகிட்டு மாப்ள,” என்று மச்சான் சிரித்தார்.

இப்படித்தான் பழி வாங்குகிறேன்.

பிப்ரவரி 28, புதன்

சாப்பாட்டுக்கு வள்ளத்தை நிறுத்தியிருந்தோம். தேவசகாயம் அண்ணன் முக்காடு போட்டுப் படுத்துவிட்டார். மச்சான் கையிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“மாப்ள, உங்க அண்ணன் விசயம் ஒண்ணு...”

“காத்து மாறுது போல மச்சான்,” என்றேன் நான். “கொண்டல்தானே இது?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். “ஆமா, கொண்டல்தான்,” என்றார். சோற்றை மீனுக்குப் போட்டார்.

ஏன் தடுத்தேன்? அவர் வாயால் ஒப்புக்கொண்டால் நான் இனி ஒத்திப்போட முடியாது. ஒப்புக்கொள்ளாமல் வேறு ஏதாவது சொன்னால் என் கோபத்துக்கு ஆதாரம் போய்விடும். குருமடத்தில் தர்க்கம் படித்ததால் கண்ட லாபம் இது. எந்தப் பக்கமும் பேசத் தெரியும், எந்தப் பக்கமும் போகத் தெரியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமும் மட்டு.

மார்ச் 5, செவ்வாய்

காற்று பலம். கடலுக்குப் போகவில்லை. சங்கு போடும் வலைப்பையின் கிழிசலைத் தைத்தேன்.

மார்ச் 8, வெள்ளி

சிலுவைப் பாதைச் செபத்துக்குப் போய்வந்து எழுத உட்கார்ந்தேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்படி என்னத்தல தினமும் எழுதுத?”

“பாவத்தத்தான்.”

“அப்ப உங்க மச்சானையும் சேத்து எழுது. மனுசன் பாவம். நவம்பர்ல இருந்து ஒழுங்கா உறங்கினதே இல்ல. குடிய விட்டாச்சு, எங்கிட்ட ஒரு சுடுசொல் கிடையாது. உறக்கம்தான் வரமாட்டேங்கு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எப்படி உறங்கும் என்று நினைத்தேன். பிறகுதான் நானும் உறங்குவதில்லை என்பது ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு வயது இருபத்தெட்டு. நான் நினைத்தது நடந்தால் அவள் இதே முற்றத்தில் வெள்ளைச் சேலையோடு அரிசி புடைப்பாள். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன். யோசித்து, அண்ணனை நினைத்து, அதை ஒதுக்கினேன். பிறகு அக்காவை நினைத்து அண்ணனை ஒதுக்கினேன். மதில்மேல் பூனையாவது ஏதோ ஒரு பக்கம் குதிக்கும்.

மார்ச் 13, புதன்

கீழக்கரையிலிருந்து ஜமால் என்பவர் வந்தார். அண்ணனோடு மூன்று மாதம் ஒரே வள்ளத்தில் குளித்தவர். சாவுச் செய்தி போன வாரம்தான் தெரிந்ததாம். நோன்பு நாள். அக்கா கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை, வெயிலில் நடந்து கல்லறைக்கு வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

திரும்பும் வழியில் நான் கயிறு பிடிப்பதாகச் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். “இது நலம்.” இரண்டு இழுத்தார். “இது தளத்து.” மூன்று இழுத்தார். “இது தூக்கு. உங்க கரையிலயும் இதானே?”

நான் நின்றுவிட்டேன். எங்களிடம் இரண்டும் மூன்றும் தலைகீழ்.

“அண்ணன் உங்ககிட்ட இப்படித்தான் ஆட்டுவானா?”

“மூணு மாசமா இப்படித்தான். மொத வாரம் மாத்தி ஆட்டி எங்ககிட்ட ஏச்சு வாங்குனாப்ல. அப்புறம் கை பழகிருச்சு.”

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு நேரே தேவசகாயம் அண்ணனிடம் போனேன். எத்தனை தடவை ஆடியது என்று கேட்டேன். “ரெண்டுக்கு மேல இருக்கும் தம்பி. மூணுன்னுதான் நெனைக்கேன். ஏன்?”

ஒன்றுமில்லை என்றேன்.

மூன்று ஆடினால் எங்கள் கரையில் எவனும் கயிற்றை விடுவான். நானும் விட்டிருப்பேன்.

மார்ச் 14, வியாழன்

மச்சானிடம் பேசிவிட வேண்டும் என்று காலையில் எழுந்தேன். வள்ளத்தைத் தள்ளும்போது பேசவில்லை. சாப்பிடும்போது பேசவில்லை. திரும்பும்போது அவர் அசந்து உறங்கினார், எழுப்ப மனமில்லை.

காரணம் போய்விட்டது. கோபம் போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று மாதம் உள்ளே வைத்து வளர்த்துவிட்டேன். இப்போது போ என்றால் போகமாட்டேன் என்கிறது. மூன்றா இரண்டா என்று யாருக்கு நிச்சயமாகத் தெரியும் என்கிறது. அறை வாங்கின கன்னத்தை அவர் அப்போது நினைத்திருக்க மாட்டாரா என்கிறது.

நாளை பேசுகிறேன்.

மார்ச் 15, வெள்ளி

பேசவில்லை.

மார்ச் 16, சனி

மச்சானை மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது.

மார்ச் 18, திங்கள்

இரண்டு நாளாக நோட்டைத் திறந்து மூடுகிறேன். நடந்தது இதுதான்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். மச்சான் இறங்கி முக்கால் மணி நேரம். பன்னிரண்டு பாகம். எஞ்சின் இருமிவிட்டு நின்றது. தேவசகாயம் அண்ணன் “மாதாவே!” என்று எஞ்சின்மேல் கவிழ்ந்தார். அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. அவருக்கு என் கை தெரியவில்லை.

கயிறு இரண்டு தடவை ஆடியது. சந்தேகமே இல்லை. இரண்டு.

நான் இழுக்கவில்லை.

இழுக்கக்கூடாது என்று நினைத்தேனா என்றால், இல்லை. இழுக்க வேண்டும் என்று நினைத்தேனா என்றால், அதுவும் இல்லை. கயிறு உள்ளங்கையில் இருந்தது. இது அந்த நேரம் என்று ஒரு நினைப்பு. காரணம்தான் போயிற்றே என்று ஒரு நினைப்பு. போயிற்றா என்று இன்னொன்று. அண்ணன் முகம் வந்தது. அக்கா வந்தாள். கயிறு மறுபடி இரண்டு தடவை ஆடியது, இப்போது வேகமாக. நான் அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன். கடவுளே, உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று பிறகு சொல்லிப் பார்த்தேன். செபமாலையில் பத்து மணி சொல்லி முடிக்கிற நேரம். தொட்டியில் மிச்சம் இருந்த காற்று அவ்வளவுதான்.

பிறகு கயிறு ஆடவில்லை. அது நின்றதும்தான் எனக்கு உயிர் வந்தது. வெறி பிடித்தவன்மாதிரி இழுத்தேன். நாலு பாகத்தில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் காற்றில்லாமல் செத்திருப்பார். பன்னிரண்டு பாகத்தையும் ஒரே மூச்சில் இழுத்து வள்ளத்துக்குள் புரட்டிப் போட்டேன். மூக்கில் ரத்தம். கண் திறந்தார். பேசினார். கரைக்கு வரும் வழியில் “காலு எங்க மாப்ள?” என்று கேட்டார். கால் அவர் முன்னால்தான் நீட்டிக் கிடந்தது.

சும்மா இருந்து கொல்ல நினைத்தேன். அது நடக்கவில்லை. காப்பாற்ற இழுத்த இழுப்புதான் அவர் இடுப்புக்குக் கீழே உணர்வை எடுத்துவிட்டது. முதல் ஆட்டத்திலேயே இழுத்திருந்தால் நிறுத்தவும் நேரம் இருந்திருக்கும், காற்றும் இருந்திருக்கும். நடந்துதான் வீட்டுக்குப் போயிருப்பார்.

மார்ச் 24, ஞாயிறு. குருத்து ஞாயிறு

கோயிலிலிருந்து வீடு வருவதற்குள் பதினோரு பேர் என் கையைப் பிடித்தார்கள். “எஞ்சின் நின்ன பிறகும் ஆள உயிரோட எடுத்துட்டியே, மச்சினன்னா நீதாம்ல மச்சினன்.” தேவசகாயம் அண்ணன் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். எஞ்சின் நின்ற பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அழுகிறார். அவரைத் தேற்றக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 27, புதன்

மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். கால் திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் உத்தரத்தைப் பார்த்தாராம்.

அக்கா அடுப்படிக்குப் போனபோது என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“ரெண்டு தடவ ஆட்டுனேன் மாப்ள. பிறகும் ரெண்டு ஆட்டுனேன். எஞ்சின் நின்ன பதட்டத்துல நீ கவனிச்சிருக்க மாட்ட, என்ன?”

அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. பதிலையும் அவரே என் கையில் கொடுத்துவிட்டார்.

“ஆமா மச்சான்,” என்றேன்.

“அதான். நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

யாராவது பார்க்க வந்தால், “கயிறு ஆடினதும் மச்சினன் இழுத்துட்டான்” என்று சொல்கிறார். அக்காவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

மார்ச் 28, பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவனாக என்னை உட்கார வைத்துவிட்டார்கள். ஊர்க் கமிட்டியின் முடிவாம். சாமியார் முழங்காலிட்டு என் காலில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிட்டார். தண்ணீர் சில்லென்று இருந்தது. சில்லென்று எனக்குத் தெரிந்தது. அதோடு தாங்கமுடியவில்லை. நன்மை அப்பம் வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

மூன்று மணி ஆராதனைக்கு ஊர் போய்விட்டது. மச்சானை விட்டுவிட்டுப் போகமுடியாது என்று அவள் வீட்டில் இருந்தாள். பின்முற்றத்தில் அவர் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தேவசகாயம் அண்ணன் சொன்னதிலிருந்து கயிறு பிடிக்கச் சம்மதித்தது, ஜமால், எஞ்சின், இரண்டு தடவை, மறுபடி இரண்டு தடவை. அவள் கை அலசுவதை நிறுத்தவில்லை.

“வேணும்னே இருந்தியா?”

“தெரியலக்கா. வேணும்னும் இல்ல, வேண்டாம்னும் இல்ல.”

துணியைப் பிழிந்தாள். உதறிக் கொடியில் போட்டாள். அடுத்த துணியை எடுத்தாள்.

“அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே அவரு எங்கிட்ட சொல்லிட்டாருல. மூணு ஆட்டுனான் சலேத்து, தளத்தி விட்டேன், பிறகுதான் அவன் கீழக்கரையில இருந்து வந்தவன்னு புத்தியில உறைச்சிதுன்னு, எங் கால்ல கிடந்து அழுதாரு. ரெமிகிட்ட நானே சொல்லுதேன், ஆனா வாய் வரமாட்டேங்குன்னாரு. எனக்கு அவரப் பாக்கவே பிடிக்கல. ஒம்பது நாள் பேசல. பத்தாம் நாள் சோறு போட்டேன்.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “எனக்கும் அவன் அண்ணந்தாம்ல. உனக்கு முன்னால எனக்கு அண்ணன். ஒருநாள், ஒரே ஒரு நாள், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்கவில்லை. நான்கு மாதமாக அண்ணனுக்காக நான் ஒருவனே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தேன். அக்காவை அவர் பெண்டாட்டியாக நினைத்தேன், நாளைய விதவையாக நினைத்தேன். அண்ணனைப் பறிகொடுத்தவளாக ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

“என்னைய மன்னிச்சிரு அக்கா.”

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“ரெண்டு மணிக்கொருக்கா அவரத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லன்னா முதுகு புண்ணாப் போகும்னு டாக்டர் சொன்னாரு. என்னால ஒத்தையில முடியல. இனி நீதான். வா, கால் பக்கம் நில்லு.”

உள்ளே போனோம். மச்சான் விழித்துக்கொண்டுதான் இருந்தார். பின்முற்றத்துச் சன்னல் அவர் தலைமாட்டில் இருக்கிறது, திறந்தே இருந்தது. எவ்வளவு கேட்டிருப்பார் என்று தெரியவில்லை. அக்கா தோளுக்கு அடியில் கை கொடுத்தாள். நான் குனிந்தேன்.

அவர் கூரையைப் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு கேட்டார்.

“புடிச்சிட்டியா மாப்ள?”

இரண்டு கால்களும் அப்போது என் கையில்தான் இருந்தன.